பொம்மிடி வரை ரயில்... அப்புறம் வண்டிப்பாதை!

2024 ஜூலை 7. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தின் ஒன்பதாம் நாள். பாரிசுக்குத் தென்கிழக்கே இருக்கும் த்ருவா நகரில் புறப்பட்டு, அங்கேயே வந்து முடியும் 199 கி.மீ. சுற்று. உலகத்தின் மிகப் பெரிய சைக்கிள் பந்தயம் அன்றைக்குத் தார்ச்சாலையை விட்டு 14 இடங்களில் மண்பாதைக்குள் இறங்கியது. மொத்தம் 32 கி.மீ. மண்பாதை. ஷாம்பெயின் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே, சுண்ணாம்புக் கல் பொடிந்து வெள்ளைவெளேரென்று கிடக்கும் டிராக்டர் தடங்கள். முன்னால் போனவர் கிளப்பிய புழுதி, பின்னால் வந்தவர் முகமெல்லாம் படிந்தது. செங்குத்தான ஏற்றத்தில் சக்கரம் சறுக்கி, இறங்கித் தள்ளிக்கொண்டு போனவர்களும் உண்டு. பிரான்ஸைச் சேர்ந்த அந்தோனி துர்ஜிஸ் அன்று ஜெயித்தார்.

அந்தப் பாதைகளை யாரும் பந்தயத்துக்காகப் போடவில்லை. திராட்சை அறுக்கவும், எரு கொண்டுபோகவும், தோட்டத்துக்குத் தோட்டம் போய்வரவும் விவசாயிகள் காலங்காலமாகப் புழங்கியவை. இன்றைக்கு அதே பாதைகளில் சைக்கிள் ஓட்டவென்றே பல நாடுகளிலிருந்து ஆட்கள் பிரான்ஸுக்கு ரயில் ஏறுகிறார்கள். சின்ன ஊர் ஸ்டேஷனில் இறங்கி, பையைக் கட்டிக்கொண்டு, கிராமம் கிராமமாகப் போய், கிடைத்த வீட்டில் சாப்பிட்டுத் தூங்கி, அடுத்த நாள் அடுத்த ஊர். ‘கிராவல் சைக்கிளிங்’ என்று இதற்குப் பெயர்.

இந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு பொம்மிடி ஸ்டேஷனில் இறங்கிப் பாருங்கள்.

ஜோலார்பேட்டையிலிருந்து சேலம் போகும் ரயில் பாதையில், மொரப்பூரைத் தாண்டி வருகிறது பொம்மிடி. தர்மபுரி மாவட்டம், பாப்பிரெட்டிப்பட்டி வட்டம். தெற்கே வானத்தை மறைத்துக்கொண்டு சேர்வராயன் மலை. அதன் உச்சியில் ஏற்காடு, 1,500 மீட்டர் உயரத்தில். வடமேற்கே வத்தல்மலை. தென்கிழக்கே, பாப்பிரெட்டிப்பட்டியைத் தாண்டினால் சித்தேரி மலை. இந்த மலைகளுக்கு நடுவே விரிந்து கிடக்கும் செம்மண் பூமியில் மரவள்ளிக் காடு, மஞ்சள், கரும்பு, தென்னை, மாந்தோப்பு, புளிய மரங்கள், அகத்தியில் ஏறிப் படர்ந்த வெற்றிலைக் கொடிக்கால்கள். இவை எல்லாவற்றையும் இணைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான வண்டிப்பாதைகள் ஓடுகின்றன. தமிழ்நாட்டில் மண்பாதை சைக்கிள் பயணத்துக்கு ஓர் ஊரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், நான் பொம்மிடியைத்தான் சொல்வேன். மலையும் சமவெளியும் ரயிலும் இத்தனை அருகருகே கிடைக்கும் ஊர்கள் குறைவு.

தாத்தாவின் டயரும் கிராவல் பைக்கும்

முதலில் வண்டியைப் பற்றி ஒரு விஷயம். கிராவல் பைக் என்றதும் லட்ச ரூபாய், கார்பன் ஃப்ரேம் என்று பயந்துவிட வேண்டாம். பந்தய சைக்கிளின் டயர் அகலம் பொதுவாக 25 முதல் 28 மி.மீ. அதில் 90 பவுண்டுக்கு மேல் காற்றடித்து, வழவழப்பான தாரில் பறக்கலாம். மண்பாதையில் அந்த டயர் ஒவ்வொரு கல்லுக்கும் துள்ளும். துள்ளும்போதெல்லாம் மிதித்த வேகம் வீணாகும், கையும் இடுப்பும் வலிக்கும். அகலமான டயரில் குறைவாகக் காற்றடித்தால், கல்லின்மேல் ஏறும்போது டயர் கொஞ்சம் அமுங்கிக் கொடுத்து, சக்கரத்தை நேராகப் போகவிடும். இதுதான் கிராவல் பைக்கின் அடிப்படை. அகலம் 40 மி.மீ. அளவில், காற்று 30, 40 பவுண்டு. ஏற்றத்துக்கு இலகுவான கியர். சேற்றிலும் பிடிக்கும் டிஸ்க் பிரேக்.

நம் ஊரில் பால்காரரும் வாத்தியாரும் ஓட்டிய 28 அங்குல கறுப்பு சைக்கிளை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் டயரில் 28×1½ என்று எழுதியிருக்கும். அந்த ஒன்றரை அங்குலம் என்பது ஏறத்தாழ 40 மி.மீ.தான். 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் அம்பத்தூர் ஆலையிலிருந்து வந்த ஹெர்குலிஸ்களும், பஞ்சாபிலிருந்து வந்த ஹீரோக்களும் இந்த டயரோடுதான் தமிழ்நாட்டின் கப்பி ரோடுகளில் நெல் மூட்டையும் பால் கேனும் சுமந்தன. பாதை மோசம் என்று தெரிந்துதான் அந்த அகலத்தை வைத்தார்கள். அதில் முக்கியமாக இல்லாதது கியர்தான்.

கியரின் கதை பிரான்ஸில் இருக்கிறது. சேன்-எத்தியேன் நகரத்துக்காரர் பால் தெ விவி (1853–1930). வெலோசியோ என்ற புனைபெயரில் ‘லெ சிக்லிஸ்த்’ பத்திரிகையை நடத்தியவர். மலைப்பாதைகளில் சாதாரண மனிதர்களும் சைக்கிளில் ஏற வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்காகக் கியர் மாற்றும் சைக்கிளை வாழ்நாள் முழுக்க எழுதி எழுதியே பரப்பினார். பந்தய உலகம் அதை ஏற்கவில்லை. டூர் டி பிரான்ஸைத் தொடங்கிய ஹென்றி தெக்ரான்ஜ், கியர் என்பது வயதானவர்களுக்கானது என்று நினைத்தவர். செயினை நகர்த்தி மாற்றும் கியரை டூர் டி பிரான்ஸில் அனுமதித்தது 1937-ல்தான். அதற்குள் பிரெஞ்சுச் சுற்றுலா சைக்கிள்காரர்கள் கியரும் அகல டயரும் பூட்டி, குண்டும் குழியுமான கிராமப் பாதைகளில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்கள் விரும்பிய 650பி அளவுச் சக்கரம் இப்போது கிராவல் பைக்குகளில் திரும்ப வந்திருக்கிறது.

பந்தயம் பிரான்ஸுக்குப் புகழ் கொடுத்தது. கிராமங்களுக்குள் சைக்கிளைக் கொண்டுபோனவர்களோ இந்தச் சுற்றுலாக்காரர்கள். பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் என்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் 1,200 கி.மீ. பயணத்தில் முதல் பரிசே கிடையாது. 90 மணி நேரத்துக்குள் முடித்தவர் எல்லோரும் ஜெயித்தவர்களே. 2019-லும் 2023-லும் இந்தியாவிலிருந்து நூற்றுக்கணக்கானோர் போனார்கள். சென்னையிலும் கோவையிலும் அதற்கான 200, 300, 400, 600 கி.மீ. தகுதிப் பயணங்கள் நடக்கின்றன. இவை பெரும்பாலும் நெடுஞ்சாலைகளில் நடப்பவை. விடியற்காலையில் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி ஓட்டும் அந்தச் சைக்கிள்காரர்களைப் பார்க்கும்போதெல்லாம், இவர்களுக்குப் பொம்மிடி வண்டிப்பாதையை யாராவது காட்டக் கூடாதா என்று தோன்றும்.

பன்றிக்குட்டியும் தாய்மொழிப் பள்ளியும்

பிரான்ஸின் மேற்குக் கோடியில் பிரித்தானி. பிரெஞ்சிலிருந்து மிகவும் வேறுபட்ட பிரெத்தோன் மொழி பேசும் மண். அந்த மொழியைப் பள்ளிக்கூடத்தில் பேசினால் தண்டிக்கும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. அதை மீட்க, பெற்றோர்களே சேர்ந்து ‘திவான்’ என்ற பெயரில் தாய்மொழிப் பள்ளிகளைத் தொடங்கினார்கள். அரசுப் பணம் எளிதில் கிடைக்கவில்லை. 1984-ல் ழான்-போல் மெல்லுவே என்பவர் உள்ளூர் திவான் பள்ளிக்கு நிதி திரட்ட ஒரு சைக்கிள் பந்தயம் வைத்தார். ‘த்ரோ-ப்ரோ லெயோன்’ என்று அதற்குப் பெயர். அந்த வட்டாரத்தின் பண்ணைப் பாதைகள், கல்லும் மண்ணும் நடுவில் புல் முளைத்ததுமான தடங்கள்தான் பந்தயப் பாதை. முதலாவதாக வந்து சேரும் பிரெத்தோன் வீரருக்கு ஒரு பன்றிக்குட்டி பரிசு. இன்றும் அப்படித்தான். உலகத் தரமான வீரர்கள் வந்து போகும் பந்தயமாக அது வளர்ந்துவிட்டது.

இதில் நமக்கு முக்கியமானது ஒன்று. அந்த வட்டாரம் தன் மண்பாதையைப் பின்தங்கிய நிலையின் அடையாளமாகப் பார்த்து வெட்கப்படவில்லை. மொழியைப் போலவே அதையும் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டது. அந்தப் பாதையிலிருந்தே பள்ளிக்கூடத்துக்குப் பணம் வந்தது.

எங்கே போகலாம்?

பொம்மிடி ஸ்டேஷனை மையமாக வைத்தால் மூன்று திசைகளில் மூன்று விதமான பயணம் கிடைக்கிறது.

புதிதாக வருபவர்களுக்கு வடக்கு. கடத்தூர், மொரப்பூர் பக்கம். பெரிய ஏற்றம் இல்லை. மாங்காடுகளுக்கும் மரவள்ளிக் காடுகளுக்கும் நடுவே வளைந்து போகும் தடங்கள். மாசி, பங்குனியில் வந்தால் வழியெல்லாம் புளி உலுக்குவார்கள். டிராக்டர் ஓடி இரண்டு பக்கமும் பள்ளமாகி, நடுவில் புல் மேடிட்டிருக்கும் பாதையில், ஏதாவது ஒரு பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு அதை விடாமல் ஓட்டுவதுதான் இங்கே கற்றுக்கொள்ள வேண்டிய வித்தை.

மொரப்பூரில் ஒரு மறந்துபோன கதையும் இருக்கிறது. 1876–78 பெரும் பஞ்சத்தில் இந்த வட்டாரம் பட்ட பாட்டுக்குப் பிறகு, உள்நாட்டுக்குத் தானியம் கொண்டுபோகவென்று சிறு ரயில் பாதைகளை வெள்ளைக்கார அரசு போட்டது. அவற்றில் ஒன்று, மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 1906-ல் ஓடத் தொடங்கிய குறுகிய ரயில். 1913-ல் அது ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1941-ல் நின்றுபோனது. மொரப்பூர்–தர்மபுரி அகல ரயில் பாதைக்கு 2019-ல் அடிக்கல் நாட்டினார்கள். புது ரயில் வரட்டும், வர வேண்டும். பழைய தடம் போன வழியையும் யாராவது பழைய வரைபடத்தை வைத்துத் தேடிப் பதிவு செய்ய வேண்டும். பிரான்ஸில் இப்படி ரயில் நின்றுபோன தடங்களைத்தான் ‘பசுமை வழி’ என்று சைக்கிளுக்கும் நடைக்கும் திருப்பினார்கள். பர்கண்டியில் ழிவ்ரி, க்ளுனி என்ற இரண்டு ஊர்களுக்கு நடுவே 1997-ல் திறந்த பாதை அவற்றில் முதலாவது. 80 ஆண்டு தாண்டிவிட்ட நம் தடத்தை முழுவதும் மீட்க முடியாது. ஆனாலும், மிஞ்சியிருக்கும் துண்டுகள் எத்தனை என்று கணக்கெடுப்பதற்குப் பெரிய செலவு ஆகாது.

இரண்டாவது திசை தென்கிழக்கு. எனக்குப் பிடித்தது இதுதான். பாப்பிரெட்டிப்பட்டி வழியாக வாணியாறு அணைக்கு. சேர்வராயன் மலையில் பிறந்து இந்தப் பக்கம் இறங்கி, தென்பெண்ணையில் கலக்கும் ஆறு வாணியாறு. மலையடிவாரத்தில் அதை மறித்துக் கட்டிய அணை 65 அடி உயர நீர்மட்டம் கொண்டது. அணையிலிருந்து இடதுபுறக் கால்வாய், வலதுபுறக் கால்வாய் என இரண்டு பிரிகின்றன. கால்வாய்க் கரை என்பது சைக்கிள்காரனுக்கு வரம். தண்ணீர் மிக மெல்லிய சரிவில் ஓட வேண்டும் என்பதற்காக மட்டம் பார்த்து வெட்டியதால் கரையும் ஏறத்தாழ மட்டமாகவே போகும். மலையைப் பார்த்துக்கொண்டே, மூச்சு வாங்காமல் வெகுதூரம் போகலாம். பிரான்ஸில் 1681-ல் திறந்த 240 கி.மீ. நீளமுள்ள கனால் து மிதியின் கரை, பல இடங்களில் இன்றும் மண்பாதைதான். அந்தக் காலத்தில் படகை இழுத்த குதிரைகள் நடந்த வழியில் இப்போது சைக்கிள்கள். நம் பாசனக் கால்வாய்க் கரைகளை இப்படி யாரும் யோசித்துப் பார்த்ததில்லை. கரையைப் பராமரிக்க வேண்டியது பாசனத்துக்கும் அவசியம். முள்ளை வெட்டி, உடைப்பை அடைத்தாலே பாதை தயார்.

இந்த வழியில் பொம்மிடி, பி.மல்லாபுரம் சுற்றுவட்டாரத்து வெற்றிலைக் கொடிக்கால்களைப் பார்க்காமல் போகாதீர்கள். வெயில் ஏறும் முன்பே கிள்ளி, அடுக்கி, ஈரத் துணி போர்த்திச் சந்தைக்கு அனுப்புவார்கள். கொடிக்காலுக்குள் நுழைந்தால் வெளியே இருக்கும் சூடு உள்ளே இருக்காது. உள்ளே போகும் முன் கேட்டுவிட்டுப் போக வேண்டும், செருப்பை வெளியே விட வேண்டும். கொடிக்கால்காரர்கள் அதில் கண்டிப்பு.

மூன்றாவது திசை மலையடிவாரக் காடு. லோக்கூர், டேனிஷ்பேட்டை பக்கம் தென்மேற்காக ரயில் பாதை காட்டுக்குள் ஏறிப் போகிறது. 1861-ல் திருப்பத்தூர்–சேலம் ரயில் வந்தபோது இந்தக் கணவாயைத்தான் பிடித்தார்கள். அழகு என்றால் இந்தப் பக்கம்தான். ஆனால், காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு சக்கரமும் நுழையக் கூடாது. சேர்வராயன் காடுகளில் காட்டெருமை உண்டு, கரடி உண்டு. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் நடந்த காட்டுத்தீ மரணங்களுக்குப் பிறகு மலையேற்றத்துக்கான விதிகள் கடுமையாகின. 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 நடைபாதைகளை முன்பதிவு முறையில், உள்ளூர் வழிகாட்டிகளோடு திறந்தது. அதே மாதிரி, வழிகாட்டியோடு போகும் சைக்கிள் பாதை ஒன்றைச் சேர்வராயன் அடிவாரத்தில் வனத்துறை திறந்தால், பழங்குடி இளைஞர்கள் சிலருக்கு அது வேலையாகவும் ஆகும்.

பாதை யாருடையது?

சைக்கிள் கதையின் மையமே இந்தக் கேள்விதான்.

பிரான்ஸில் பண்ணைகளுக்கு நடுவே போகும் கிராமப் பாதைகள் அந்தந்த ஊராட்சியின் சொத்து. மக்கள் போய்வர எப்போதும் திறந்திருக்க வேண்டும். விற்க வேண்டுமானால் ஊரறியப் பொது விசாரணை நடத்திவிட்டுத்தான் விற்க முடியும். இவ்வளவு இருந்தும் அங்கேயும் பாதைகள் காணாமல் போயின. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சிறு வயல்களை ஒன்றாக்கிப் பெரிய வயல்களாக்கியபோது வேலிகளோடு பாதைகளும் உழப்பட்டன. 30 ஆண்டு யாரும் கேட்காமல் உழுதுவிட்டால், பக்கத்து நிலக்காரர் அந்தப் பாதையைத் தனக்கே சொந்தம் என்று வாதாடவும் வழி இருந்தது. 2022-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். தன் பாதைகளைக் கணக்கெடுப்பதாக ஊராட்சி மன்றம் தீர்மானம் போட்டால், கணக்கெடுப்பு முடியும்வரை, இரண்டு ஆண்டு வரையிலும், அந்த 30 ஆண்டுக் கடிகாரம் நின்றுவிடும்.

நம் பக்கம் என்ன நிலை? இந்த மண்ணுக்கு நில அளவையில் தனி வரலாறே உண்டு. 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து இந்த வட்டாரம் அடங்கிய பாராமகால் ஆங்கிலேயர் கைக்கு மாறியபோது, கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் இங்கேதான் விவசாயியிடம் நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறையைத் தொடங்கினார்கள். அதற்காக வயல் வயலாக அளந்தார்கள். எது பட்டா, எது புறம்போக்கு என்று பிரித்தெழுதும் பழக்கம் அங்கிருந்து வளர்ந்ததுதான். இன்றைக்கும் கிராம ‘அ’ பதிவேட்டைப் புரட்டினால் ‘வண்டிப்பாதை’ என்று எழுதிய சர்வே எண்கள் இருக்கும். புலப்படத்தில் அதன் அளவு இருக்கும். அரசின் இ-சேவை இணையதளத்தில் இந்தப் பதிவேட்டையும் புலப்படத்தையும் யாரும் பார்க்கலாம்.

காகிதத்தில் பாதை இருக்கிறது. தரையில்தான் தேய்கிறது. மாட்டு வண்டி போனபோது அகலமாக இருந்த தடம், வண்டி நின்றதும் வருஷத்துக்கு ஒரு சால் ஒரு சாலாக உழவில் சேர்கிறது. பிறகு கம்பி வேலி. பிறகு கேட். இதைத் தடுக்க 1905-லேயே நில ஆக்கிரமிப்புச் சட்டம் வந்துவிட்டது. ஊராட்சிக்குள் இருக்கும் பொதுப்பாதைகளை 1994-ம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம் உள்ளாட்சியின் பொறுப்பில் கொடுக்கிறது. போன நிலத்தைக் கேட்டு அரசு வழக்குப் போட, 1963-ம் ஆண்டு காலவரையறைச் சட்டம் தரும் கெடுவும் 30 ஆண்டுகள்தான். அதற்குள் ஊர் விழித்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு வகைப் பாதையும் உண்டு. பட்டா நிலத்துக்குள் ‘மாமூல் வண்டித்தட வழிநடை பாத்தியம்’ என்று பத்திரத்தில் எழுதி, குறிப்பிட்ட சில நிலக்காரர்கள் மட்டும் போய்வரும் தடங்கள். இவை பொதுப்பாதைகள் இல்லை. வெளியூர் சைக்கிள்காரர் அதில் நுழைவது அத்துமீறல்தான். எது பொது, எது தனி என்று அங்கே போர்டு இருந்தால் சண்டையே வராது. பிரான்ஸில் 1947 முதல் தன்னார்வலர்கள் மரத்திலும் கல்லிலும் வெள்ளை, சிவப்புப் பட்டை அடித்தே நாடெங்கும் நெடுந்தூர நடைபாதைகளுக்கு அடையாளம் வைத்திருக்கிறார்கள். தேவைப்பட்டது பெயிண்டும் ஊர் சம்மதமும்தான்.

எல்லாப் பாதையும் மண்பாதையாக இருக்க வேண்டுமா?

கூடாது. இதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

சித்தேரி மலையில் கலசப்பாடி, அரசநத்தம் போன்ற ஊர்கள் ஒரு சாலைக்காக எத்தனையோ ஆண்டுகள் மனுக்கொடுத்தும் போராடியும் காத்திருந்தன. பிரசவ வலி வந்த பெண்ணைத் தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கிய மலைக் கிராமங்கள் இந்த மாவட்டத்தில் உண்டு. ஆள் வசிக்கும் ஊருக்கு ஆம்புலன்ஸ் போகிற சாலை வேண்டும். அதைப் போட்டே ஆக வேண்டும். நகரத்திலிருந்து சைக்கிள் ஓட்ட வருபவரின் ரசனைக்காக ஓர் ஊர் மண்சாலையிலேயே கிடக்க வேண்டும் என்று நினைப்பது அநியாயம். நான் கேட்பது வயல்களுக்கும் கரைகளுக்கும் ஏரிகளுக்கும் போகும் பாதைகளை. அவற்றில் கான்கிரீட் தேவையில்லை. மழைத் தண்ணீர் வடிய ஒரு சிறுபாலம், பள்ளத்துக்கு இரண்டு லோடு மொரம்பு, ஆண்டுக்கு ஒருமுறை முள் வெட்டு. 100 நாள் வேலைத் திட்டத்தில் இப்படிக் கப்பி ரோடும் மண்பாதையும் போட்டுப் பழகிய கைகள் ஊரிலேயே இருக்கின்றன.

சித்தேரி அடிவாரத்தில்தான் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை சோதனை என்ற பெயரில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் புகுந்து அந்த ஊரைச் சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 269 பேர் மீது வழக்கு. உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தர்மபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2023 செப்டம்பரில் அதை உறுதி செய்தது. இந்த வழியில் சைக்கிளில் போகிறவர் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். கேமராவைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குள் போய்ப் படம்பிடிக்கிற ஊர் இது இல்லை. சந்தனக் கட்டை கடத்தியதாகச் சந்தேகிக்கப்பட்ட மக்களின் ஊர் வழியாக, நாம் பொழுதுபோக்காகப் போகிறோம் என்ற உணர்வு வேண்டும். முதலில் வணக்கம், அனுமதி கேட்பது, பிறகுதான் மற்றதெல்லாம்.

சாலை என்றாலே ஊருக்கு நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. சேலம்–சென்னை எட்டுவழிச் சாலைக்கு 2018-ல் கல் நட வந்தபோது அரூர், பாப்பிரெட்டிப்பட்டி வட்டங்களின் விவசாயிகள் ஏன் எதிர்த்தார்கள்? 277 கி.மீ. நீளத்துக்குத் தங்கள் வயலையும் கிணற்றையும் எடுத்துக்கொண்டு போகும் அந்தச் சாலை, தங்கள் ஊரில் நிற்கவே போவதில்லை என்று அவர்களுக்குத் தெரியும். உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் நிலமெடுப்பை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் அந்தத் தீர்ப்பின் பெரும்பகுதியை மாற்றியது. ஊரில் நிற்கிற பயணி யார் என்று கேட்டால், சைக்கிளில் வருபவர்தான். அவருக்குப் பசிக்கும், தாகமெடுக்கும், பஞ்சர் ஆகும்.

காசு எங்கே நிற்கிறது?

பிரான்ஸில் ‘அக்யே வெலோ’ என்று ஒரு முத்திரை இருக்கிறது. சைக்கிள் பாதையிலிருந்து 5 கி.மீ.க்குள் இருக்கும் விடுதி, தங்கும் வீடு, சைக்கிள் கடை போன்றவை அதைக் கேட்டுப் பெறலாம். தங்கும் இடமென்றால், சைக்கிளைப் பூட்டி வைக்கப் பத்திரமான இடம், பஞ்சர் ஒட்டும் சாமான், பம்ப், வயிறு நிறையக் காலைச் சாப்பாடு, துணி காயப்போட வசதி ஆகியவை இருந்தால் முத்திரை கிடைக்கும். லுவார் ஆற்றங்கரையில் ஓடும் 900 கி.மீ. சைக்கிள் பாதை நெடுக இந்தப் பச்சை முத்திரை தொங்குகிறது. பெரிய ஹோட்டல்களுக்கு மட்டுமின்றிப் பண்ணை வீடுகளுக்கும் சின்னக் கடைகளுக்கும் இதில் லாபம் உண்டு.

பொம்மிடியில் இதற்கு எதைப் புதிதாகக் கட்ட வேண்டும்? ராகிக் களியும் கீரைக் குழம்பும் போட வீடுகள் இருக்கின்றன. மலையில் சாமைச் சோறு இருக்கிறது. எந்த ஊரிலும் ஒரு சைக்கிள் கடை, தொட்டித் தண்ணீரில் ட்யூபை முக்கி ஓட்டை பார்க்கும் ஒரு கைதேர்ந்த ஆள் இருக்கிறார். அவரிடம் 28 அங்குல ட்யூபோடு 700சி அளவு ட்யூபும் நான்கு இருந்தால் போதும். பேருந்தில் ஏற்காடு போகிறவர் இந்த ஊர்களில் இறங்குவதே இல்லை. சைக்கிள்காரர் ஒவ்வொரு ஊரிலும் இறங்குவார்.

இடைஞ்சல் ஒன்று இருக்கிறது. ரயில். பிரான்ஸில் 2021 முதல் புதிதாக வாங்கும் ரயில்களில் எட்டு சைக்கிள் நிறுத்த இடம் விட வேண்டும் என்பது சட்டம். நம் ரயிலில் சைக்கிளை லக்கேஜாக புக் செய்து பிரேக் வேனில் ஏற்ற வேண்டும். பெரிய ஸ்டேஷன்களில் இது நடக்கும். ஓரிரு நிமிஷம் நிற்கும் பொம்மிடி மாதிரி ஸ்டேஷனில் இறக்குவதற்குள் ரயில் கிளம்பிவிடும். அதனால் பலர் காரில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வருகிறார்கள். அம்ரித் பாரத் திட்டத்தில் புதுப்பிக்கும் ஸ்டேஷன்களின் பட்டியலில் பொம்மிடியும் இருக்கிறது. நடைமேடைக்குக் கூரையும் முகப்புக்கு அலங்காரமும் வரும்போது, ஈரோடு–ஜோலார்பேட்டை பாசஞ்சரில் ஒரு பெட்டியின் மூலையில் சைக்கிள் நிறுத்த நான்கு கொக்கிகள் மாட்டச் சொல்லி சேலம் கோட்டத்தைக் கேட்கலாம். பால் கேனும் காய்கறிக் கூடையும் ஏறும் ரயிலில் சைக்கிள் ஏறுவது யாருக்கும் இடைஞ்சல் ஆகாது.

வருபவர்களுக்குச் சில வார்த்தைகள். கார்த்திகை பாதியிலிருந்து மாசி வரை நல்ல காலம். ஐப்பசி மழையில் களிமண் தடங்கள் சக்கரத்தோடு ஒட்டி ஃபோர்க்கை அடைத்துவிடும். செம்மண் தடங்கள் ஒரே வெயிலில் காய்ந்துவிடும். சித்திரை வெயிலில் காலை ஒன்பதுக்குள் நிழலுக்குப் போய்விடுங்கள். கருவேல முள்ளும் நெருஞ்சியும் யாரையும் விடாது. ட்யூப்லெஸ் டயரில் பசை ஊற்றி வாருங்கள், அல்லது இரண்டு ட்யூப் கூடுதலாக. களத்தில் தானியம் காயும்போது இறங்கித் தள்ளிப் போங்கள். ஆடு மாடு எதிரே வந்தால் நின்றுவிடுங்கள். போன பாதையை ‘ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்’ வரைபடத்தில் பதிவு செய்யுங்கள், அது பொதுப்பாதை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும்.

பொம்மிடி, கடத்தூர், பாப்பிரெட்டிப்பட்டி சுற்றுவட்டார மக்களுக்கு ஒரு வேண்டுகோள். குடியரசு தினம், தண்ணீர் தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று, நம் ஊராட்சியில் உள்ள வண்டிப்பாதைகளின் சர்வே எண், நீளம், அகலம் எல்லாவற்றையும் பட்டியலாக எழுதி அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும் என்று ஒரு தீர்மானம் கேளுங்கள். எந்தப் பாதை திறந்திருக்கிறது, எது வேலிக்குள் போய்விட்டது என்று அடுத்த கூட்டத்துக்குள் நடந்தோ சைக்கிளிலோ பார்த்துச் சொல்ல, பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிளை வைத்திருக்கும் உங்கள் பிள்ளைகளை அனுப்புங்கள்.